வயர்லெஸ் வலை தடுமாறினால்: காற்றா, வழியா, வரிசையா?

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று போன் வந்தால் நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: என்ன செய்யும்போது? எப்போதுமா, யாராவது பெரிய ஃபைல் அனுப்பும்போதா, சாயங்காலம் மட்டுமா, ஒரு வீட்டில் மட்டுமா? பாதி விடை அந்தப் பதிலிலேயே இருக்கும்.

எங்கள் ஊரில் 11 நோட் (ஒன்றோடொன்று ரேடியோவில் பேசி டேட்டாவைக் கைமாற்றிவிடும் வைஃபை பெட்டிகள்) கொண்ட ஒரு மெஷ் வலையை நானும் இரண்டு நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று, பள்ளி மாடியில் ஒன்று, மாவு மில் கூரையில் ஒன்று, ஊரைத் தாண்டித் தோட்டத்தில் ஒன்று, மீதி வீடுகளில். எல்லாவற்றிலும் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள், அதன் மேல் வழியைத் தேர்ந்தெடுக்க பேட்மேன்-அட்வ் என்ற ரூட்டிங் நெறிமுறை. வெளி இணைப்பு பள்ளியில் இருக்கும் ஒரே பிராட்பேண்ட்தான். அந்தப் பள்ளி நோட்தான் கேட்வே, அதாவது வலையின் வெளிவாசல்.

பழுது எதுவானாலும் மூன்றில் ஒன்றில் போய் நிற்கும். காற்று என்றால் சிக்னல், இரைச்சல், ஒரே சேனலில் பலர் ஒரே நேரத்தில் பேசுவது. வழி என்றால் எந்த நோட் மூலமாகப் போவது என்று ரூட்டிங் எடுக்கும் முடிவு. வரிசை என்றால் குறுகிய வாசலில் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) முட்டிக்கொண்டு நிற்கும் நெரிசல். கம்பி வலையில் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். வயர்லெஸ்ஸில் ஒன்று இன்னொன்றின் வேஷத்தில் வரும். ரூட்டிங் செட்டிங்கை இரண்டு வாரம் மாற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு வேறெங்கோ இருந்ததைக் கண்டுபிடித்த கதை என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

லேப்டாப்பை நோட்டுடன் லேன் கேபிளில் இணையுங்கள். வைஃபையில் உட்கார்ந்துகொண்டு வைஃபையைச் சோதித்தால் உங்கள் லேப்டாப்பின் குறையும் சேர்ந்து வரும். அப்புறம் மூன்று இடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 100 பிங் (ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று அளப்பது): அருகிலிருக்கும் நோட், கேட்வே நோட், வெளியே 1.1.1.1 போல ஏதாவது ஒரு முகவரி. முதலில் யாரும் எதுவும் செய்யாதபோது, பிறகு ஒரு பெரிய ஃபைலை ஏற்றிக்கொண்டே. ஆறு எண்களையும் தாளில் எழுதுங்கள்.

அருகிலிருக்கும் நோட்டே கேபிளில் தடுமாறினால் அந்தப் பெட்டியையும் அதன் மின்சாரத்தையும் பாருங்கள். கேட்வே வரை போகும்போது கெட்டால் காற்றோ வழியோ. கேட்வே வரை நன்றாக இருந்து வெளியே மட்டும் கெட்டால் பெரும்பாலும் வரிசை. ஸ்பீடு டெஸ்ட் மட்டும் போட்டு முடிவுக்கு வராதீர்கள். அது தரும் ஒற்றை எண்ணில் இந்த மூன்றும் கலந்து கிடக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இதை நானே பல தடவை மீறியிருக்கிறேன்.

"யாராவது ஒருத்தர் வீடியோ ஏத்தினா எல்லாருக்கும் நின்னுடுது"

மிகச் சாதாரணமான புகார் இது. பலர் உடனே "ஸ்பீடு பத்தல" என்று பிளானை உயர்த்தச் சொல்வார்கள். பொறுங்கள். வெளி முகவரிக்குப் பிங் சும்மா இருக்கும்போது 30 மில்லிசெகண்ட், ஃபைல் ஏறும்போது 1,500 அல்லது 3,000, ஆனால் ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை என்றால், இது பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) ஊதிப்போன நோய். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரிந்துவிடும். லினக்ஸ் பெட்டிகளில் வரிசையின் நீளம் பழைய வழக்கப்படி 1,000 பாக்கெட். ஒரு பாக்கெட் 1,500 பைட். மொத்தம் 1.2 கோடி பிட், அதாவது 12 மெகாபிட். உங்கள் அப்லோடு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் அந்த வரிசை காலியாக 6 நொடி ஆகும். ஒருவர் அனுப்பும் வீடியோ அந்த வரிசையை நிரப்பி வைத்துவிடும். பின்னால் வரும் பக்கத்து வீட்டுக்காரரின் சின்னஞ்சிறு டிஎன்எஸ் கேள்வியும் (இணையதளத்தின் முகவரியைக் கேட்பது) அதே வரிசையின் கடைசியில் 6 நொடி நிற்க வேண்டும். அவர் பார்ப்பது "நெட் இல்லை".

பாக்கெட் தொலையாததுதான் இங்கே பிரச்சினையே. டேட்டாவைச் சிதறாமல் கொண்டு சேர்க்கும் டிசிபி நெறிமுறை வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் பாக்கெட் தொலைந்தால்தான். பெரிய பஃபர் எதையும் தொலைக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்வதால், நெரிசல் இருக்கிறது என்ற செய்தி அனுப்புபவருக்குப் போகவே இல்லை.

மருந்து கேட்வேயில்தான் போட வேண்டும், நெரிசல் நடக்கும் வாசல் அதுதான். ஓபன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற பேக்கேஜை நிறுவி, பிராட்பேண்ட் பக்கத்து இன்டர்ஃபேஸில் வரிசையை நிர்வகிக்கும் கேக் அல்லது எஃப்கியூ-கோடல் முறையைப் போடுங்கள். கோடல் என்பது வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் 2012-ல் வெளியிட்ட முறை. வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கும். 100 மில்லிசெகண்டாகத் தொடர்ந்து 5 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருப்பு இருந்தால் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு அனுப்புபவருக்கு எச்சரிக்கை கொடுக்கும்.

வேகத்தை எவ்வளவு வைப்பது? அளந்ததில் 90 சதவீதம். அதிகாலை ஆள் இல்லாத நேரத்தில் இறக்கம் 20 எம்பிபிஎஸ், ஏற்றம் 2 எம்பிபிஎஸ் வந்தால் 18-ம் 1.8-ம் கொடுங்கள். "கையில் இருக்கும் வேகத்தையே ஏன் குறைக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். குறைக்காவிட்டால் வரிசை உங்கள் பெட்டியில் உருவாகாது, மோடத்துக்குள் போய் உருவாகும். அங்கே உங்கள் கை எட்டாது. அந்தப் பத்து சதவீதம் வரிசையை உங்கள் வாசலுக்கு இழுத்து வரக் கொடுக்கும் விலை. கேக்கில் வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிக்கும் வசதியும் உண்டு, நாட் (பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது) ஆப்ஷனுடன் சேர்த்து அதையும் போடுங்கள். இல்லையென்றால் 20 இணைப்பு திறக்கும் டவுன்லோடு மேனேஜர்காரர் 20 பங்கு எடுத்துக்கொள்வார்.

முடித்துவிட்டு மறுபடி அதே சோதனை. ஃபைல் ஏறும்போதும் பிங் சும்மா இருக்கும்போதைவிட 20, 30 மில்லிசெகண்டுக்கு மேல் கூடக் கூடாது. வெளி இணைப்பு 4ஜி என்றால் ஒரே எண் நாள் முழுக்கப் பொருந்தாது. வேகத்தைத் தானாக ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட் தேவைப்படும். பழைய ஒற்றை கோர் ரவுட்டரில் கேக் போட்டு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், சிபியு மூச்சு வாங்கும்.

கேட்வேக்கான பிங்கே ஃபைல் ஏறும்போது எகிறினால் வரிசை மெஷ்ஷுக்குள், வைஃபை டிரைவரில் இருக்கிறது. எஸ்கியூஎம் அங்கே உதவாது. எஃப்கியூ-கோடல் உள்ளேயே சேர்க்கப்பட்ட புதிய டிரைவர் உள்ள சிப்செட்டுக்கும் புதிய ஃபர்ம்வேருக்கும் மாறுவதுதான் வழி.

"பிங் நல்லா வருது, டவுன்லோடு மட்டும் ஆமை"

முந்தையதன் நேர் எதிர். தாமதம் குறைவு, வரிசை இல்லை, ஆனாலும் வேகம் வராது. இங்கே டிசிபி ஏமாந்துபோகிறது.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், இணைப்பின் வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதைத் துருவிப் போன வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டின் அடித்தளம். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொள், வேகத்தைப் பாதியாக்கு. கெட்டுப்போய்த் தொலைவது ஒரு சதவீதத்தைவிட மிகக் குறைவு என்று அவர் அதே கட்டுரையில் சொல்கிறார். கம்பிக்கு அது சரி. தென்னந்தோப்பைத் தாண்டிப் போகும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அந்த உறுதிமொழியை யாரும் தரவில்லை.

எவ்வளவு அடி விழும்? பழைய ரெனோ வகை டிசிபிக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: பாக்கெட் அளவைச் சுற்றுத் தாமதத்தால் (போய்வரும் நேரம்) வகுத்து, இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் மறுபடி வகுத்து, 1.22-ஆல் பெருக்குங்கள். 1,460 பைட் பாக்கெட், 100 மில்லிசெகண்ட் தாமதம், 1 சதவீத இழப்பு: வருவது சுமார் 1.4 எம்பிபிஎஸ். லைன் 100 எம்பிபிஎஸ்ஸாக இருந்தாலும் ஒரு இணைப்புக்கு அவ்வளவுதான். அதே 1 சதவீத இழப்பில் தாமதம் 5 மில்லிசெகண்ட் என்றால் 28 எம்பிபிஎஸ். மெஷ்ஷுக்குள்ளே ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனை நிரலை ஓட்டினால் ஜோராக வருவதும், தூரத்து சர்வரிலிருந்து இறக்கினால் தவழ்வதும் இதனால்தான். உள்ளே சோதித்துவிட்டு "எங்க பக்கம் ஒண்ணுமில்ல" என்று நானும் ஒரு முறை அடித்துச் சொல்லி, பிறகு தலைகுனிந்திருக்கிறேன்.

சோதனை: 56 பைட் பிங்கும் 1,400 பைட் பிங்கும் தனித்தனியாக 500 தடவை. சின்னது முழுதாக வந்து பெரியது தொலைந்தால் காற்றுதான் கெட்டிருக்கிறது, பெரிய பாக்கெட் காற்றில் அதிக நேரம் இருப்பதால் அடிபடும் வாய்ப்பும் அதிகம். அடுத்து தூரத்து சர்வரிலிருந்து ஐபெர்ஃபில் யுடிபி (இழப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்காத நெறிமுறை) 20 எம்பிபிஎஸ் இறக்கிப் பாருங்கள். யுடிபி 1, 2 சதவீத இழப்போடு 20-ஐத் தொட்டு, டிசிபி 3-ல் நின்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டுமே 3-ல் நின்றால் அந்த லிங்கின் கொள்ளளவே அவ்வளவுதான்.

வைஃபை தானாகவே ஒரு பாக்கெட்டைப் பல முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும் என்பதையும் மறக்காதீர்கள். அத்தனை முயற்சிக்கும் பிறகும் 1 சதவீதம் தொலைகிறது என்றால் லிங்க் உண்மையில் படுமோசம்.

தூரம் கூடிய லிங்க்கில் முதலில் பார்க்க வேண்டியது ஆக் நேரம். வைஃபையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் "கிடைத்தது" என்ற ஆக் உடனே திரும்பி வர வேண்டும். ரேடியோ அலை ஒரு கிலோமீட்டருக்கு 3.3 மைக்ரோசெகண்ட் எடுக்கும். 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்குப் போய்வர 40 மைக்ரோசெகண்ட். வீட்டுக்குள் பயன்படுத்த வைத்த அளவிலேயே பெட்டி காத்திருந்தால், ஆக் வந்து சேர்வதற்குள் "தொலைந்தது" என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். சிக்னல் பிரமாதமாகக் காட்டும், வேகம் வராது. ஓபன்டபிள்யூஆர்டியில் தூரத்தை மீட்டரில் கொடுக்கும் இடம் இருக்கிறது. உண்மையான தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு முனையிலும் கொடுங்கள். பத்து மடங்கு கொடுத்தால் ஒவ்வொரு இழப்புக்கும் வீணாகக் காத்திருக்கும்.

தோப்பு குறுக்கே இருந்தால் நேர்பார்வை மட்டும் போதாது. 6 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் ஃபிரெனல் மண்டலத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவும் இடம்) ஆரம் ஏறக்குறைய 9 மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். பார்வைக் கோடு தென்னங்கீற்றின் தலைக்கு மேல் இரண்டு மீட்டரில் போகிறது என்று திருப்திப்பட்டால், அடுத்த வருடம் தென்னை வளர்ந்து வந்து நிற்கும்.

இந்த இடத்தில் யாராவது "பிபிஆர் போடு, சரியாயிடும்" என்பார்கள். கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர், இழப்பை மட்டும் நம்பாமல் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து ஓடும் முறை. சொந்தமாக சர்வர் வைத்திருப்பவருக்கு நல்ல யோசனைதான். ஆனால் நெரிசல் கட்டுப்பாட்டைச் செய்வது அனுப்பும் முனை. உங்கள் ரவுட்டர் பாக்கெட்டைக் கைமாற்றிவிடும் தபால்காரர் மட்டுமே. ரவுட்டரில் வழக்கமாக இருக்கும் கியூபிக் முறையை பிபிஆராக மாற்றினால், அந்த ரவுட்டரே தொடங்கும் இணைப்புகளுக்குத்தான் மாறும். அதன் வழியாக யூடியூபிலிருந்து வரும் வீடியோவுக்கு எந்த மாற்றமும் வராது. மாற்றிய பிறகு "இப்ப பரவாயில்ல" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். மழை நின்றிருக்கும்.

"டேபிள்ல வழி இருக்கு, டேட்டா போகல"

நோட் பட்டியலில் பக்கத்து நோட் பளிச்சென்று தெரிகிறது. தரம் 255-க்கு 240 என்று காட்டுகிறது. ஆனால் பக்கம் திறக்காது, பெரிய பிங் போகாது. மெஷ் வலை வைத்திருப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான்.

ரூட்டிங் தன் இருப்பைச் சொல்ல அனுப்பும் ஹலோ செய்திகள் பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவது. பிராட்காஸ்ட் வழக்கமாக மிகக் குறைந்த வேகத்தில் போகும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 எம்பிபிஎஸ், 5-ல் 6. குறைந்த வேகம் தூரம் தாண்டும், செய்தியும் சின்னது. டேட்டா பெரியது, அதிக வேகத்தில் போக முயல்வது, அவ்வளவு தூரம் எட்டாது. ஹலோ எட்டியும் டேட்டா எட்டாத அந்த இடைப்பட்ட பகுதியை, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் சாம்பல் மண்டலம் என்று குறித்தார்கள். தெருமுனையிலிருந்து கை காட்டினால் தெரியும், ஆனால் பேசினால் கேட்காது. அதே நிலைமைதான்.

தீர்வு எளிது: பிராட்காஸ்ட் வேகத்தை உயர்த்துங்கள். ஓபன்டபிள்யூஆர்டி மெஷ் இன்டர்ஃபேஸில் மல்டிகாஸ்ட் ரேட் என்ற செட்டிங்கை 12 அல்லது 18 எம்பிபிஎஸ் ஆக்கினால், டேட்டா போக முடியாத லிங்க்கில் ஹலோவும் போகாது. பட்டியலில் சில அண்டை நோட்கள் காணாமல் போகும். பதற வேண்டாம், அவை ஏற்கெனவே பெயருக்கு இருந்தவைதான். ஆனால் எல்லா நோட்டிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். தூரத்து நோட்டை முதலில் மாற்றுங்கள், பக்கத்து நோட்டைக் கடைசியில். தலைகீழாகச் செய்தால் தோட்டத்துக்கு பைக் எடுக்க வேண்டிவரும்.

பேட்மேனின் நான்காவது பதிப்பு இந்த பிராட்காஸ்ட் எண்ணிக்கையை வைத்துத்தான் தரம் போடுகிறது. ஐந்தாவது பதிப்பு லிங்க்கின் வேகத்தையே அளவுகோலாக எடுக்கிறது. இந்தக் கோளாறு உங்களுக்கு ஓயாமல் வந்தால் மாறிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே வலையில் சேர்ந்து ஓடாது, மாறினால் முழுதாக மாற வேண்டும்.

"நேரா போகுது, ஆனா மெதுவா போகுது"

ஹாப் (நோட்டிலிருந்து நோட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாவல்) எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ரூட்டிங்கில் வருவது. ஏஓடிவி என்ற நெறிமுறை அந்த ரகம். ஹாப் குறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு ஹாப்பும் நீளமாக வேண்டும், நீளமான லிங்க் பலவீனமான லிங்க். எம்ஐடியின் ரூஃப்நெட் வலையைக் கட்டிய குழு 2003-ல் இதற்குக் கொடுத்த அளவுகோல் இடிஎக்ஸ்: ஒரு பாக்கெட் போய்ச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும்?

நேர் லிங்க்கில் இரு பக்கமும் பாதி பாக்கெட்தான் போகிறது என்றால் 1-ஐ 0.5 × 0.5-ஆல் வகுக்க, 4 முறை. தொட்டி வழியாக இரண்டு ஹாப், ஒவ்வொன்றிலும் 90 சதவீதம் போகிறது என்றால் ஒரு ஹாப்புக்கு 1.23, மொத்தம் 2.47. சுற்றிப் போவதே லாபம்.

இந்தக் கணக்கில் திரும்பும் திசையும் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு முனையில் பவரை உச்சத்தில் வைத்து, மறுமுனையில் சின்ன ஆன்டெனா வைத்தால், ஒருவர் கத்துவது கேட்கும், மற்றவர் முணுமுணுப்பது கேட்காது. ஆக் திரும்பி வராது. பவரைக் கூட்டித்தான் சரி செய்வேன் என்று நிற்காமல், கத்துபவரின் பவரைக் குறைத்துப் பாருங்கள்.

"ஒரு நிமிஷம் இந்த வழி, ஒரு நிமிஷம் அந்த வழி"

பேட்மேனின் டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) போடும்போதெல்லாம் வேறு வழி காட்டும். வீடியோ கால் உறைந்து உறைந்து நகரும். வழியும் வரிசையும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. நல்ல வழி என்று எல்லோரும் ஒன்றில் ஏறுகிறார்கள், காற்று நிரம்புகிறது, ஹலோ செய்திகள் தொலைகின்றன, தரம் குறைகிறது. உடனே எல்லோரும் மற்ற வழிக்குத் தாவுகிறார்கள். முதல் வழி காலியாகித் தரம் ஏறுகிறது. மறுபடி தாவல். இது புது நோயல்ல. தாமதத்தை வைத்து வழி தேர்ந்தெடுத்த, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டும் நெரிசலான நேரத்தில் இப்படித்தான் ஊசலாடியது. 1987-ல் அளவுகோலையே திருத்த வேண்டி வந்தது.

ஊசலில் பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்து சேரும். ஏற்கெனவே வந்த அதே ஆக் மேலும் மூன்று முறை வந்தால் டிசிபி "தொலைந்தது" என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். தொலையாத பாக்கெட்டுக்குத் தண்டனை!

ஹாப் பெனால்ட்டியை (ஒவ்வொரு ஹாப்புக்கும் தரத்தில் கழிக்கும் அளவு) கூட்டுங்கள், ஹாப் குறைந்த வழியை விட்டுச் சிறு வித்தியாசத்துக்குத் தாவாது. ஹலோ இடைவெளியைக் குறைக்கும் ஆசை வரும், செய்யாதீர்கள். அடிக்கடி ஹலோ அனுப்பினால் சூடு இன்னும் ஏறும். இரண்டு வழியும் ஒரே சேனலில் இருந்தால் அவை இரண்டு வழியே அல்ல, ஒரே காற்று. ஒன்றை வேறு சேனலுக்கு மாற்றுவதுதான் நிஜமான தீர்வு. இதெல்லாம் செய்தும் ஊசல் நிற்கவில்லை என்றால், வழியில் உள்ள ஏதோ ஒரு நோட் விழுந்து விழுந்து எழுகிறதா என்று பாருங்கள்.

"பள்ளியில 40, கடைசி வீட்ல 8"

இது பழுதே அல்ல. ஒற்றை ரேடியோ நோட் கேட்டுக்கொண்டே பேச முடியாது. இரண்டாவது ஹாப்பில் பாதி, மூன்றாவதில் மூன்றில் ஒன்று, நீண்ட சங்கிலியில் கணக்குப்படி கால் பங்கு. நடைமுறையில் அதற்கும் கீழே போகும். இரண்டு ரேடியோ உள்ள பெட்டி வாங்கி, மெஷ்ஷுக்கு 5, வீட்டுக்காரர்களுக்கு 2.4 என்று பிரியுங்கள். முடிந்த இடத்தில் கேபிள் இழுங்கள். 30 மீட்டர் கேபிள் செய்யும் வேலையை எந்த ரூட்டிங் நெறிமுறையும் செய்யாது.

"அந்த வீட்டுக்காரர் வந்தாலே எல்லாருக்கும் ஸ்லோ"

மனிதரைத் திட்டும் முன் அவர் போனைப் பாருங்கள். சுவருக்கு அப்பால் மூலையில் 1 எம்பிபிஎஸ்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1,500 பைட் பாக்கெட்டை அனுப்ப அதற்கு 12 மில்லிசெகண்ட், 54-ல் இருக்கும் போனுக்கு கால் மில்லிசெகண்ட்கூட வேண்டாம். வைஃபை எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் வாய்ப்புத் தருமே தவிர, சம நேரம் தராது. ஒருவர் ஊர்ந்தால் எல்லோரும் ஊர்வார்கள் என்று பிரான்ஸின் கிரனோபிள் ஆய்வாளர்கள் 2003-லேயே காட்டினார்கள். 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை அணைத்துவிடுங்கள். ஏர்டைம் நியாயப் பங்கீடு உள்ள டிரைவர் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு வீடுகள் தனித்தனியே 20 எம்பிபிஎஸ் எடுத்து, சேர்ந்து ஓட்டினால் மொத்தமே 5 என்று விழுந்தால் அது வேறு: இருவரும் தொட்டியைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் கேட்பதில்லை. தொட்டியில் போய் மோதிக்கொள்கிறார்கள். ஆர்டிஎஸ் (பேசும் முன் அனுமதி கேட்கும் செய்தி) வரம்பை 500 பைட்டுக்கு வையுங்கள். ஒருவரையொருவர் கேட்கும் வீடுகளாக இருந்தால் மொத்தம் 18, 20 வரை வரும், அங்கே ஆர்டிஎஸ் வீண் செலவு.

"சில சைட் மட்டும் பாதியிலேயே நிக்குது"

காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பேட்மேன்-அட்வ் தன் தலைப்பைச் சேர்ப்பதால் கீழே உள்ள இன்டர்ஃபேஸில் 1,532 பைட் வேண்டும். ஏற்காத பெட்டியானால் கேட்வேயில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (டிசிபி பாக்கெட்டின் அளவைக் குறைக்கச் செய்வது) போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

"தினமும் சாயங்காலம் தகராறு"

சாயங்காலம் என்றதும் "எல்லாரும் வீட்டுக்கு வந்து வீடியோ பாக்குறாங்க, நெரிசல்" என்று தோன்றும். பல நேரம் அது சரியும்தான். ஆனால் முதலில் ஒவ்வொரு நோட்டிலும் அப்டைமைப் பாருங்கள். எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுக் கிராமங்களின் பார்வை மையங்களுடன் நெடுந்தூர வைஃபையில் இணைத்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழு, தங்கள் அனுபவத்தை 2008-ல் எழுதியபோது மின்சாரத்தின் தரத்துக்குத் தனி இடம் கொடுத்தது. வோல்டேஜ் ஏறி இறங்கிப் பெட்டிகள் எரிவதும் உறைவதும் அவர்களுக்குப் பெரிய தலைவலி. படித்திருந்தேன். ஆனாலும் பார்க்கவில்லை.

எங்கள் வலையில் ஆறரை மணி வாக்கில் தோட்டத்து வீடும் கிழக்குத் தெருவும் தடுமாறும். டிரேஸ்ரூட் இரண்டு வழிக்கும் மாறி மாறித் தாவும். பாடப்புத்தக ஊசல் என்று நினைத்தேன். ஹாப் பெனால்ட்டியைக் கூட்டினேன், மல்டிகாஸ்ட் ரேட்டை மாற்றினேன், எஸ்கியூஎம் எண்ணைத் திருத்தினேன். இரண்டு வாரம். ஒரு நாள் சும்மா கண்ணில் பட்டது: எல்லா நோட்டும் 40 நாள் அப்டைம், மாவு மில் கூரை நோட் மட்டும் 22 மணி நேரம்.

மறுநாள் ஆறு மணிக்கே மில்லில் போய் உட்கார்ந்தேன். ஆறரைக்கு இட்லி மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் கூட்டம் சேர, மில்காரர் இரண்டாவது மோட்டாரையும் போட்டார். டியூப்லைட் ஒரு கணம் மங்கி எரிந்தது. மேலே நோட்டின் விளக்கு அணைந்து, மறுபடி சிமிட்ட ஆரம்பித்தது. அது பூட் ஆகி மெஷ்ஷில் சேர இரண்டு நிமிடம். அதற்குள் அந்த வழியில் போன எல்லாம் தொட்டியின் பலவீனமான நேர் லிங்க்கில் ஏறிக்கொண்டு, அங்கே வரிசை நீண்டு, பிங் 2,000-ஐத் தாண்டிவிட்டது. நோட் எழுந்ததும் எல்லாம் திரும்பத் தாவும். மோட்டாரை நிறுத்திப் போடும்போதெல்லாம் இதே கூத்து.

"என்ன தம்பி, மிளகா அரைக்கணுமா?" என்றார் மில்காரர். நோட்டுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் சின்ன சார்ஜரும் போட்டோம். ஹாப் பெனால்ட்டியைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டேன்.